இரண்டு நாட்டுக்கும் ஒரே லேப்டாப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிக்க ஜெர்மனி, வேலைக்கு சிங்கப்பூர் என்று ராயபுரத்திலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ ஒரு பிள்ளை கிளம்பினால், லேப்டாப் பற்றி வீட்டில் எழும் முதல் கேள்வி “அந்த ஊர் கரண்டுக்குத் தாங்குமா?” என்பதுதான். தாங்கும். சார்ஜரைத் திருப்பி அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்: இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். நமக்கு 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பெட்டியில் எடையைக் கூட்ட வேண்டாம்.

மாறுவது பின் மட்டும்தான். அதற்குப் பர்மா பஜாரில் ஒரு மலிவு கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எர்த் இல்லாத கன்வெர்ட்டரில் மாட்டினால், உலோக பாடி உள்ள லேப்டாப்பைத் தொட்டதும் கையில் விர்ரென்று தெரியும். பெரும்பாலான சார்ஜர்களில் சுவரில் மாட்டும் வயர் தனியாகக் கழன்று வரும். போன ஊரில் அந்த வயரை மட்டும் வாங்குங்கள். சிங்கப்பூரில் ஃபியூஸ் வைத்த மூன்று பட்டைப் பின், ஜெர்மனியில் இரண்டு உருண்டைப் பின், பக்கவாட்டில் எர்த்.

பணம் உண்மையில் போவது வாரண்டியில். கடையில் கேட்டால் “எல்லா ஊர்லயும் சர்வீஸ் சென்டர் இருக்கு சார்” என்பார்கள். பொய் இல்லை. ஆனால் சர்வீஸ் சென்டர் இருப்பது வேறு, இங்கே வாங்கிய மெஷினை அங்கே காசில்லாமல் சரிசெய்து தருவது வேறு. ஒரே கம்பெனியின் ஒரு மாடலுக்கு உலக வாரண்டி இருக்கும், பக்கத்து மாடலுக்கு வாங்கிய நாட்டில் மட்டும் இருக்கும். டெல் போன்ற கம்பெனியில், நாடு மாறினால் சர்வீஸ் டேக்கை (மெஷினின் அடையாள எண்ணை) அந்த நாட்டுக்கு மாற்றச் சொல்லி நாமே பதிய வேண்டும். கீழே விழுந்து உடைந்தால் என்று தனியாகக் கட்டும் காப்பீடும் பல சமயம் எல்லை தாண்டாது. ஆகவே பணம் கட்டும் முன் மாடலின் பெயரைக் கம்பெனித் தளத்தில் போட்டு வாரண்டி விதியைப் படியுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். வாரண்டி தேதிக்குச் சாட்சி அந்த பில்தான்.

என் கருத்தில், வருஷத்தில் அதிக மாதம் எந்த நாட்டில் இருப்பீர்களோ அங்கே வாங்குவதே சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற கடைக்காரரே குறைந்தது 2 வருஷம் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். யூரோவை ரூபாயாக்கி நாலாயிரம் ஐயாயிரம் அதிகம் என்று இங்கேயே வாங்கிப் போகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜெர்மனியில் வாங்குவதில் ஒரு சங்கடம் கீபோர்டு. அங்கே ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு முறையில் தட்டுகிறவர்களுக்கு இன்னும் விசித்திரம்: ள இருக்கும் கட்டையில் இசட் அச்சாகியிருக்கும், ச, ந, ய மூன்றும் தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகளின் மேல் உட்கார்ந்திருக்கும். செட்டிங்கில் தமிழ்99-ஐச் சேர்த்துவிட்டால் எழுத்து அதனதன் இடத்தில்தான் விழும். பார்க்காமல் தட்டுகிறவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. பார்த்துத் தட்டுகிறவர்கள், ஆங்கிலக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள கம்பெனித் தளத்தில் ஆர்டர் செய்யலாம்.

அப்புறம் விண்டோஸ். இங்கே விற்கும் பல லேப்டாப்பில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்புதான் இருக்கும். திரையில் வரும் மெனுக்களின் மொழியை நினைத்தபடி மாற்ற அது விடாது. தமிழில் தட்டுவதற்குத் தடை இல்லை. ஆங்கிலம் போதும் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

விமானத்தில் லேப்டாப்பைக் கைப்பையில் வையுங்கள். தனி பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவர் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

ஊருக்கு வரும்போது தம்பிக்கும் ஒன்று வாங்கி வர ஆசை இருக்கும். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைத்தான் அதற்கென உள்ள சுங்கச் சலுகையில் கொண்டுவரலாம். இரண்டாவதன் விலை உங்கள் பொதுவான வரிவிலக்கு வரம்பில் சேரும். அதைத் தாண்டும் தொகைக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால், தம்பியுடையதை இங்கேயே வாங்குவது பல சமயம் மலிவு.