மலையில் போன் வாங்குகிறவர்கள் சிப்பை எப்படிப் பார்ப்பது?

கோத்தகிரியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் தேயிலை எடை போடும் அண்ணன் ஒருவர் புதுப் போனோடு வந்தார். "தம்பி, அட்டையில எட்டு கோருன்னு பெருசா போட்டிருந்துச்சு. கணக்கு ஆப்பைத் தொட்டா, அது திறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம்" என்றார். போனின் மூளைதான் சிப். அதற்குள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியும் ஒரு கோர். அந்தச் சிப்பின் பெயரைத் தேடிப் பார்த்தேன். "எட்டும் இருக்குதுங்கண்ணா. ஆனா எட்டுமே ஏ53."

ஏ53 என்பது, கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2012-ல் அறிவித்த சிக்கனமான சின்ன கோர். தோட்டத்தில் எட்டுப் பேர் இலை பறிக்கலாம். மூட்டையை லாரியில் ஏற்றத் தெம்பான ஆள் ரெண்டு பேராவது வேண்டும். ஆப் திறப்பது மூட்டை தூக்குகிற வேலை. மீடியாடெக் கம்பெனியின் ஹீலியோ ஜி35 சிப்பில் எட்டும் ஏ53. ஹீலியோ ஜி99-ல் பெரிய கோரான ஏ76 ரெண்டு, சின்ன கோரான ஏ55 ஆறு. அட்டையில் ரெண்டுக்கும் 'ஆக்டா கோர்' என்றுதான் இருக்கும். அதனால் சிப்பின் முழுப் பெயரைக் கேட்டு, அதில் பெரிய கோர் எத்தனை என்று இணையத்தில் தேடுங்கள். கையில் இருக்கும் போன் என்றால் சிபியு-இசட் ஆப் போட்டால் தெரிந்துவிடும்.

எண் பெரிதாக இருந்தால் சிப் புதிது என்றும் நம்பாதீர்கள். 2023-ல் வந்த டைமென்சிட்டி 6020, 2020-ல் வந்த டைமென்சிட்டி 700-தான். சட்டை மாற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தது, மலைக்காரர்களுக்கு முக்கியமானது: சிக்னல். டவரோடு பேசும் மோடம் பெரும்பாலும் அந்தச் சிப்புக்குள்ளேயேதான் இருக்கிறது. டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் போன் அதைத் தேடிக்கொண்டே, அதிக சக்தியோடு கத்திக்கொண்டே இருக்கும். பேட்டரி மதியத்துக்குள் பாதியாகிவிடும். இதில் மார்கழிக் குளிர் வேறு. லித்தியம் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும், 20 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். ஆகவே கரண்ட் குறைவாக இழுக்கும் சிப் வேண்டும். அதற்கு நானோமீட்டரைப் பாருங்கள், சிப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தார்கள் என்று கம்பெனி சொல்லும் எண் அது. 12 நானோமீட்டரில் செய்த சிப்பைவிட 6 நானோமீட்டர் சிப் அதே வேலைக்குப் பொதுவாகக் குறைவாகவே கரண்ட் இழுக்கும். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1, 8 பிளஸ் ஜென் 1 சிப்கள் ரெண்டுமே 4 நானோமீட்டர்தான். முதலாவது சாம்சங் ஆலையில் செய்தது, சூட்டுக்குப் பேர் போனது. அடுத்ததைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலை செய்தது, அது அடங்கி நடந்துகொண்டது.

கோயம்புத்தூர் ஷோரூமில் எல்லாப் போனிலும் சிக்னல் நிறைந்திருக்கும். சோதனையை வீட்டில் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' போய், சிம் நிலையில் dBm என்று போட்டிருக்கும் சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 85 என்றால் நல்லது. மைனஸ் 115 என்றால் உங்கள் வீட்டில் எந்தப் போனுக்கும் கஷ்டம்தான், சிக்கனமான சிப்பாக எடுங்கள். ஜியோ 5ஜி வேண்டுமென்றால், மேடுபள்ளத்தில் தூரம் போகும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு என்28 என்று பெயர். சிப் அதைத் தாங்கினாலும் போன் கம்பெனி கொடுத்திருக்க வேண்டும். அந்த மாடலின் அலைவரிசைப் பட்டியலில் தேடுங்கள். ஊரில் 5ஜியே வரவில்லையா? 4ஜி சிப்புக்கே காசு கொடுங்கள், போதும்.

அப்புறம், ஆண்ட்ராய்டு எத்தனை வருஷம் வரும் என்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கிராபிக்ஸ், கேமரா, மோடம் எல்லாவற்றையும் ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள்களைச் சிப் கம்பெனிதான் எழுதித் தருகிறது. அது கைவிட்டால் போன் கம்பெனி நினைத்தாலும் புது ஆண்ட்ராய்டு தருவது சிரமம். கூகுள் 2017-ல் டிரெபிள் என்ற ஏற்பாட்டால், ஆண்ட்ராய்டைச் சிப் கம்பெனியின் பகுதியிலிருந்து பிரித்து, இந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. 2020 டிசம்பரில் குவால்காமும் கூகுளும் ஸ்னாப்டிராகன் 888 தொடங்கி மூன்று ஆண்ட்ராய்டு மாற்றம், நான்கு வருஷப் பாதுகாப்பு என்றார்கள். தன்னுடைய சொந்த டென்சர் சிப் வைத்த பிக்சல் 8 போனுக்கு 2023-ல் கூகுள் ஏழு வருஷம் சொன்னது. அதற்காக, சிப் தாங்கும் காலம் முழுவதையும் போன் கம்பெனி தரும் என்று நினைக்காதீர்கள். அந்த மாடலுக்கு எத்தனை வருஷம் என்று கம்பெனியின் தளத்தில் பாருங்கள். கணக்கு பெரும்பாலும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, மாடல் வெளியான நாளிலிருந்து.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ரிப்பேர் கடைக்காரன்! தள்ளுபடியில் ஒரு போன் எடுத்தேன், இரண்டு வருஷ அப்டேட் என்றார்கள். அதில் ஒன்றரை வருஷம் கடை அலமாரியிலேயே கழிந்திருந்தது. சீக்கிரமே பேங்க் ஆப், 'இந்தப் போனில் ஓடாது' என்றது.

கீழ்க்கோத்தகிரி அண்ணனுக்கு ஜி99 போட்ட போன் ஒன்றைப் பார்த்துக் கொடுத்தேன். அவர் எடை போடும் இடத்தில் 5ஜி கிடையாது. அந்த எட்டு ஏ53 போனில் இப்போது அவருடைய அம்மா பாட்டு கேட்கிறாராம்.