சி.எஸ்.ஆர். சீட்டோடு திரும்பாதீர்கள்: வன்கொடுமைப் புகாரை எஃப்.ஐ.ஆர். ஆக்கும் வழி

டெல்டா ஊர்களில் சாதி வன்கொடுமைப் புகாரை இன்னும் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். அது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். உங்களுக்கு வேண்டியது 1989ஆம் ஆண்டின் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்டபோது இப்படி ஒரு சட்டமே கிடையாது. மேல்முறையீட்டில், குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். இன்று சட்டம் இருக்கிறது. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் முதல் நாள் எழுதும் தாளில்தான்.

அடிபட்டிருந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதும் ஒரு வரி முக்கியம். “தெரிந்த நாலு பேர், மூங்கில் கழியால், டீக்கடை வாசலில், சாயங்காலம் 6 மணிக்கு” என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பயந்துபோய் “வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டால், பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

புகாரில் “சாதியைச் சொல்லித் திட்டினார்” என்று மட்டும் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. என்ன சொல்லித் திட்டினாரோ அதே வார்த்தையை, கூசினாலும், அப்படியே எழுதுங்கள். அடுத்து, மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நடந்ததா என்பது. நாலு சுவருக்குள் சாட்சி இல்லாமல் திட்டியது இந்தப் பிரிவில் நிற்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வரப்பில் நின்றது யார், வாய்க்கால் மதகில் இருந்தது யார் என்று பேர் வேண்டும். எதிரிக்கு உங்கள் சாதி தெரியும் என்பதற்கும் ஒரு வரி: “இவர் வயலில் எட்டு வருடமாக நடவுக்குப் போகிறேன்.” சாதிச் சான்றிதழ் நகலை இணையுங்கள். கிறிஸ்தவராக மாறி பி.சி. சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது கசப்பான உண்மை; அவருக்குப் பொதுக் குற்றப் பிரிவுகள்தான்.

சுடுகாட்டுக்குப் போகும் பொதுப்பாதையை மறித்தாலும் குற்றமே. ஆனால் “அது என் பட்டா நிலம்” என்பார்கள். வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, புறம்போக்கு என்றால் நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டி “விசாரிச்சுட்டுப் போடுறோம்” என்பார்கள். அது புகார் வாங்கியதற்கான சீட்டு, வழக்கு அல்ல. 2018இல் சேர்த்த 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை. கொள்ளிடத்துக்கு அந்தக் கரை எங்கள் எல்லை இல்லை என்பதும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். “சமாதானமாப் போறேன்னு எழுதிக் கொடு” என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்மொழிப் புகாரை எழுதினால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள், இலவச நகல் வாங்குங்கள்.

மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம்) பிரிவு 175(3)இன்படி பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீது இல்லாமல் போனால் மனு அங்கேயே திரும்பும். கூடவே கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் தனி மனு: வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 4இன்படி கடமை தவறிய அதிகாரி மேல் நிர்வாக விசாரணை கேளுங்கள். அதன் பரிந்துரை இல்லாமல் அந்தப் பிரிவில் வழக்கு நகராது. அந்த அதிகாரி எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவராக இருந்தால் 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை உண்டு. 14566 இலவச உதவி எண்ணிலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். ஆனதும் விசாரிப்பது யார் என்று பாருங்கள். டி.எஸ்.பி.க்குக் கீழே யாரும் கூடாது. இன்ஸ்பெக்டர் விசாரித்தார் என்பதையே பிடித்து எதிரி விடுதலை கேட்பார். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். உங்கள் மேல் எதிர்ப்புகார் வந்தாலும் மலைத்துப்போய் முதல் வழக்கை விட்டுவிட வேண்டாம். அது பெரும்பாலும் பேரம் பேசுவதற்காகப் போடப்படுவது.

எதிரி ஜாமீன் கேட்டால் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் பேச்சையும் கேட்க வேண்டும் (பிரிவு 15ஏ). அப்படிக் கேட்காமல் ஜாமீன் கொடுத்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்: தஞ்சாவூர் மாவட்டத்தாருக்கு மதுரைக் கிளை, திருவாரூர், நாகைக்காரர்களுக்குச் சென்னை.