ஏட்டுப் படங்களைக் கெதியாகச் சுத்தம் செய்ய, எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுப்போம்

யாழ்ப்பாணத்தில் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் ஏட்டுச் சுவடிகள் கிடக்கின்றன. 1981 இல் நூலகமே எரிந்த ஊர் இது, அதனால் இருப்பதைப் படம் பிடித்து வைப்பது அவசர வேலை. பிடித்த படங்களில் எழுத்தைத் தெளிவாக்க பைதான் நிரல்மொழியும், படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகமும் (OpenCV) போதும். ஆனால் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் கணினி விடிய விடிய ஓடும், அப்போதும் சாதாரண பைதான் லூப் எல்லாக் கோர்களையும் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) சரியாகப் பயன்படுத்தாது, படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்கும். திரெட்களாக (ஒரே நிரலுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் வேலைகள்) பிரித்தாலும் பைதானின் ஜிஐஎல் (GIL) என்ற பூட்டு குறுக்கே நிற்கும்: ஒரு புரோசெஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைதான் கட்டளைகளை ஓட்டலாம். வேலையைப் பல புரோசெஸ்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு.

முதலில் ஒரே ஒரு படத்தைச் சுத்தம் செய்யும் ஃபங்ஷனை எழுதுங்கள். பைதான் 3 இல் 'சுத்தம்_செய்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். உள்ளே இம்ரீட் (imread) மூலம் சாம்பல் நிறத்தில் திறந்து, புள்ளி அழுக்கை நீக்க மீடியன்பிளர் (medianBlur), பிறகு எழுத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிக்க அடாப்டிவ்திரெஷோல்ட் (adaptiveThreshold; ஏட்டில் வெளிச்சம் ஒரே சீராக விழாது, அதனால் சாதாரண திரெஷோல்ட் பாதி எழுத்தைத் தின்றுவிடும்), கடைசியில் சேமிக்க இம்ரைட் (imwrite). கோப்பு பழுதென்றால் இம்ரீட் பிழையால் நிற்காமல் 'நன்' (None, அதாவது ஒன்றுமில்லை) என்று திருப்பும், அதைக் கட்டாயம் சோதியுங்கள்.

இந்த ஃபங்ஷனுக்குப் படத்தைக் கொடுக்காதீர்கள், கோப்பின் பாதையை மட்டும் கொடுங்கள். 6000 × 4000 பிக்சல் வண்ணப் படம் ஒன்று நினைவகத்தில் 72 மெகாபைட் பிடிக்கும். அதை ஒரு புரோசெஸிலிருந்து இன்னொன்றுக்குப் பொதி கட்டி அனுப்பி, அங்கே அவிழ்த்து எடுப்பதிலேயே மிச்சப்பட்ட நேரம் போய்விடும். திருப்பி அனுப்புவதும் 'முடிந்தது' என்ற ஒரு சொல்லாக இருந்தால் போதும்.

சரி, இனி பைதானின் மல்டிபுரோசெசிங்கில் (multiprocessing) உள்ள பூலை (Pool, புரோசெஸ்களின் கூட்டம்) திறந்து, ஐமேப்_அன்ஆர்டர்ட் (imap_unordered, முடிந்த வரிசையில் விடை தருவது) மூலம் ஃபங்ஷனையும் பாதைப் பட்டியலையும் கொடுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் இந்தப் பகுதி 'மெயின்' சோதனைக்குள் (if __name__ == "__main__":) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைதான் வரும். நிரல் கோப்பின் மேலே ஓப்பன்சிவியின் செட்நம்திரெட்ஸுக்கு (setNumThreads) 0 கொடுங்கள்: ஓப்பன்சிவி தானாகவும் திரெட்களை உருவாக்கும், அவையும் உங்கள் புரோசெஸ்களும் ஒரே கோர்களுக்கு அடிபட்டால் வேகம் குறையும்.

நாலு கோர் என்றால் நாலு மடங்கு வேகம் வராது. வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தாலே, ஆம்டால் விதிப்படி நாலு கோரில் கிடைப்பது ஏறக்குறைய 3 மடங்குதான். ராம் குறைந்த கணினியில் புரோசெஸ்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கொஞ்சப் படங்களை 1, 2, 4 புரோசெஸ்களில் ஓட்டி, நேரம் எதில் குறைகிறதோ அதை வைத்து முழுக் கோப்புறையையும் ஓட விடுங்கள்.