கடிகொசுக் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. இலங்கையில் நாம் நுளம்பு என்பதைத்தான் தமிழ்நாட்டில் கொசு என்கிறார்கள். நமக்கோ கொசு என்பது கண்ணோரம் மொய்க்கும் சிறு பூச்சி. ஆகவே கொழும்பிலிருந்து எழுதும் பதிவேட்டில் வெறுமனே ‘கொசு’ என்று குறிக்காமல், நீலநாக்கு என்னும் வைரசு நோயை ஆடுமாடுகளிடையே பரப்பும், 1 முதல் 3 மில்லிமீற்றர் நீளமான கடிகொசுவை, அதாவது குலிகாய்டிஸ் பேரினத்தை, பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

புறஊதா ஒளிப்பொறியைத் தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் கட்டுவது கொழும்புப் புறநகர்ப் பட்டிகளில் எளிதில் நேர்ந்துவிடும் பிழை. மாடுகள் கட்டியிருக்கும் இடத்துக்கு அருகே, ஏறத்தாழ ஆளுயரத்தில், பொழுது சாயுமுன் தொடங்கி விடியும்வரை பொறி இயங்க வேண்டும். காற்று பலமாக வீசிய இரவிலோ முழுநிலா நாளிலோ பொறி வெறுமையாக இருந்தால், அங்கே கடிகொசு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பிடிபட்டவற்றை எதனோலில் இடும்போது குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டைப் போடுங்கள். பேனா மை கரைந்துபோனால் இடமும் நாளும் தெரியாத அந்த மாதிரியால் பயனில்லை. உயிருள்ள வைரசைப் பிரித்தெடுக்க எண்ணினால் எதனோல் உதவாது.

கால்வாயோரப் பொறிகளில் கடிக்காத சிறு ஈக்களும் திரளாக விழும். தூவி போன்ற உணர்கொம்பைக் கண்டதும் அவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். குலிகாய்டிஸ் ஆணுக்கும் அதுவே உண்டு. வெள்ளைத் தட்டில் பரப்பி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், குலிகாய்டிசின் புள்ளியிட்ட இறக்கைகள் கத்தரிக்கோல் அலகுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்.

அந்தப் புள்ளிகளை மட்டும் நம்பி இனத்தைத் தீர்மானிப்பதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். குலிகாய்டிசின் சுல்ட்சை என்னும் இனக்குழுவில் ஒக்சிஸ்டோமா இனமும் அதன் உறவினங்களும் இறக்கையளவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கண்களின் இடைவெளி, பெண் பூச்சியின் விந்துச் சேமப்பைகள் ஆகியவற்றைக் கண்ணாடித் தகட்டில் பதித்துப் பார்த்து, ஐயம் எஞ்சினால் டீ.என்.ஏ. சோதனைக்கு உடலின் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். ஐரோப்பிய அடையாளத் திறவுகோலை (இனங்காணும் வழிகாட்டியை) இங்கே அப்படியே பயன்படுத்துவதும் ஆபத்தானது. அங்குள்ள இனங்கள் வேறு; 2006இல் வட ஐரோப்பாவில் நீலநாக்கைப் பரப்பியவை குளிர்நிலத்துக் குழுக்களே.

வயிற்றில் செந்நிறச் சாயல் படிந்த பெண் பூச்சி முன்னரே இரத்தம் குடித்து முட்டையிட்டது. வைரசைத் தேட வேண்டியது முதலில் அதில்தான். இரத்தம் நிரம்பியவற்றை அதனுடன் சேர்த்து அரைத்தால், கிடைக்கும் வைரசு பூச்சிக்குள் பெருகியதா, அன்றிரவு குடித்த மாட்டிரத்தத்தில் இருந்ததா என்று பிறகு பிரித்தறிய வழியில்லை.