கமரா ஒன்று சொல்ல நுணுக்குக்காட்டி வேறொன்று சொன்னால்

கொலனோஸ்கோபி (மலவாசலால் கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்த அன்றே படத்தோடு ஒரு தாள் கையில் வந்துவிடும். அப்போது கிள்ளி எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பயொப்சியின் முடிவு வரச் சில நாள் செல்லும். அதற்குள் வெள்ளவத்தையில் இருக்கிற நாங்கள் முதல் தாளைப் படம் பிடித்து, லண்டன் மச்சான் வரைக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பி முடித்திருப்போம். எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் உட்சவ்வு அழன்று புண்ணாகும் நீடித்த நோய். முதல் தாளில் 'நோர்மல்' என்று இருந்ததால் நானே மருந்தைக் குறைத்துக்கொண்டேன். பிறகு வந்த தாளில் அழற்சி இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தது. ஆய்வுகூடத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

யாரும் மாற்றவில்லை. கமரா பார்ப்பது குடலின் மேற்பரப்பை. அழற்சி எவ்வளவு என்று மேயோ அளவில் 0 (அழற்சி இல்லை) முதல் 3 (கடுமை) வரை புள்ளி போடுவார்கள், எனக்கு 0. ஆனால் கண்ணுக்கு ஆறியது போலத் தெரியும் சவ்வுக்குள் அழற்சிக் கலங்கள் மிச்சம் இருக்கலாம். அப்படி இருப்பவர்களுக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்புக் கூட. அதற்காக மறுபக்கம் ஓடிப்போய் 'மருந்தைக் கூட்டுங்கள்' என்று டொக்டரைப் பிடிப்பதும் பிழைதான். 2021இல் வந்த சர்வதேசப் பரிந்துரைகளிலும் சிகிச்சையின் முக்கிய இலக்காகச் சொல்லப்படுவது அறிகுறிகள் நீங்குவதும் கமராவில் புண் ஆறுவதும்தான். நுணுக்குக்காட்டி முடிவைத் தனி இலக்காக வைக்கவில்லை.

பலர் கவனிக்காதது, துண்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. சில மில்லிமீற்றர் துண்டுதான் அது. இன்னொரு நீடித்த குடல் அழற்சி நோயான குரோன்ஸ், குடலில் இடம் விட்டு இடம் வரும். பக்கத்து இடம் நல்லாயிருக்கும். மேற்சவ்வைக் கிள்ளி எடுத்த துண்டில் குடல் சுவரின் ஆழம் தெரியாது. கிரனுலோமா (அழற்சிக் கலங்களின் சிறு திரள்) இல்லை என்பதால் குரோன்ஸ் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, பெரும்பாலானோரின் பயொப்சியில் அது அகப்படுவதே இல்லை. அதனால்தான் முதல் பரிசோதனையில் சிறுகுடல் முனையிலும், மலக்குடல் உட்பட பெருங்குடலில் ஐந்து இடங்களிலும், இடத்துக்குக் குறைந்தது 2 துண்டு எடுக்கச் சொல்கிறார்கள். நல்லாகத் தெரியும் இடத்திலும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே போத்தலில் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று நோயியலாளருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது திகதி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வழமையாக மலக்குடலில் தொடங்கி இடைவெளியில்லாமல் மேலே போகும். மலவாசலால் வைக்கும் மருந்து பாவித்தவருக்கு மலக்குடல் முதலில் ஆறிவிடும். அப்போது எடுத்த படத்தைப் பார்த்து 'இது குரோன்ஸ் போல இருக்கே' என்று பெயரை மாற்றிய கதைகள் உண்டு. கொழும்பில் நாங்கள் காலையில் அரச கிளினிக், பின்னேரம் தனியார் டொக்டர் என்று இரண்டு பைல் வைத்திருப்போம். மருந்து தொடங்க முன் எடுத்த முதல் ரிப்போர்ட் எந்தப் பைலில் கிடக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள். பயொப்சிக் கடிதத்தில் என்ன மருந்து, எவ்வளவு நாளாக வருத்தம் என்று எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் 'கொலைட்டிஸ்' என்ற சொல்லைக் கண்டவுடன் ஐபிடி (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் போன்ற நீடித்த குடல் அழற்சி நோய்) என்று நினைக்கக்கூடாது. அமீபா, குடல் காசநோய் இரண்டும் கமராவில் இதே வேஷம் போடும். காசநோயிலும் கிரனுலோமா வரும். அமீபாவைப் பார்க்காமல் ஸ்டீரொய்ட் கொடுத்தால் குடலே துளைபட்டுப் போகலாம். டைக்லோபெனக் போன்ற வலி மாத்திரைகளும் சின்னப் புண்களை உண்டாக்கும். வருத்தம் தொடங்கிய முதல் சில வாரங்களில் எடுத்த துண்டில் சுரப்பிகளின் வடிவம் கெட்டிருக்காது. தொற்றா, நீடித்த நோயா என்று பிரிக்க அப்போது கஷ்டம்.

கடைசியில் என் டொக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் குறைத்த மெசலசின் மருந்தைப் பழைய அளவுக்கே கொண்டு வந்து, மூன்று மாதத்தில் மலத்தில் கல்ப்ரொடெக்ரின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்க்கச் சொன்னார். லண்டன் மச்சானுக்கு அந்த இரண்டாவது தாளை நான் இன்னும் அனுப்பவில்லை.