பூச்சியால் போன மரத்துக்குப் பதிலாக எதை நடலாம்?

பூச்சி தாக்கித் தெருவே மொட்டையாகிவிட்டதா? அவசரப்பட்டு மறுபடியும் ஒரே வகைக் கன்றை வரிசையாக நட்டுவிடாதீர்கள். வட அமெரிக்காவில் எல்ம் மரங்கள் நோயில் அழிந்தபோது, பல நகரங்கள் அந்த இடத்தில் ஆஷ் மரங்களை நட்டன. 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு அவற்றையும் காலி செய்தது. செத்த மரத்தின் பட்டையை உரித்தால், அந்த வண்டின் புழு குடைந்த பாதை பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி நெளிந்து நெளிந்து கிடக்கும். பார்க்கவே மனசு கனக்கும்.

நகர மரங்களில் ஓர் இனம் 10 சதவீதத்தையும், ஒரு பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) 20-ஐயும், ஒரு குடும்பம் (நெருங்கிய பேரினங்களின் கூட்டம்) 30-ஐயும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பேரினக் கணக்குதான் முக்கியம். அந்த வண்டு பச்சை ஆஷ், வெள்ளை ஆஷ், கருப்பு ஆஷ் என்று ஒரே பேரினத்தில் எதையும் விடவில்லையே!

அப்புறம், நடும்போது தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டிவிடுங்கள். மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, மரச்சீவல் மாதிரி) போடலாம், ஆனால் தண்டில் ஒட்ட வேண்டாம். முதல் இரண்டு, மூன்று வருடம் தண்ணீர் தவறக் கூடாது.