பழைய ரைபிளின் தேய்ந்த ப்ளூயிங்: அப்படியே விடுவதா, புதுசாக்குவதா?

நீலகிரியின் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கத்துப் பழைய எஸ்டேட் வீடுகளிலும், எல்லை தாண்டிக் கேரளத்தின் சுல்தான் பத்தேரி வரைக்கும், தாத்தா காலத்து ரைபிள் ஒன்று அலமாரிக்குள் நிற்பது புதிதல்ல. பெரும்பாலும் .315 போர் (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்). இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்ததாக இருக்கும், இல்லாவிட்டால் அதற்கு முன்பு இங்கிலாந்திலிருந்து வந்த பிஎஸ்ஏ கம்பெனி ரைபிள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை நின்றுபோனது. துப்பாக்கி மட்டும் லைசென்சோடு கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. கைக்கு வந்ததும், இரும்பின் மேலிருக்கும் கறுப்புப் படலமான ப்ளூயிங் தேய்ந்திருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் எழும் முதல் ஆசை, "பாலிஷ் போட்டுப் பளபளன்னு ஆக்கிடலாமா?" என்பதுதான்.

கொஞ்சம் பொறுங்கள். தேய்மானம் வேறு, துரு வேறு. துருவை இன்றைக்கே நிறுத்த வேண்டும். தேய்மானத்தைப் பெரும்பாலான துப்பாக்கிகளில் தொடாமல் விடுவதே சரி. ஒருமுறை தேய்த்தெடுத்த இரும்பையும், மழுங்கிப்போன எழுத்தையும் எந்த மிஸ்திரியாலும் திரும்ப வைக்க முடியாது. புதுப்பூச்சை அடுத்த வருஷம்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: எண்ணெயை எடுக்கும் முன்

போல்ட்டை (குமிழைப் பிடித்து முன்பின் ஓட்டும் பாகம்) பின்னுக்கு இழுத்து, சேம்பரையும் (தோட்டா உட்காரும் அறை) மேகசினையும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய் விடுங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள்.

அடுத்தது சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியில் பொறித்த எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். பஃபிங் சக்கரத்தில் (சுழன்று மெருகேற்றும் சக்கரம்) வைத்துச் சீரியல் நம்பரை மழுக்கினாலும் வம்புதான். வேலையைத் தொடங்கும் முன் சீரியல் நம்பர், புரூஃப் முத்திரை (குழலைச் சோதித்ததற்கான அடையாளம்), கம்பெனிப் பெயர் எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

வெளியே கொடுப்பதானால், பழுதுபார்க்க லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் மட்டும் கொடுங்கள். நம் எல்லைப் பகுதிக்காரர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு: உங்கள் லைசென்ஸ் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், அரை மணி நேரத் தூரம்தானே என்று வயநாட்டு மிஸ்திரியிடம் எடுத்துப்போகக் கூடாது.

இரண்டாம் படி: பார்ப்பது

வெள்ளைப் பருத்தித் துணி, தையல் மெஷின் எண்ணெய், டார்ச், பூதக்கண்ணாடி போதும்.

ப்ளூயிங் என்பது பெயின்ட் போல மேலே பூசியது அல்ல. இரும்பின் மேற்பரப்பையே கறுப்பு ஆக்சைடாக மாற்றிய மிக மெல்லிய படலம் அது. செந்துருவும் ஆக்சைடுதான், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கீழே தின்றுகொண்டே போகும். துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சந்தேகமான இடத்தில் இருபது தடவை தேயுங்கள். துணியில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் துரு உயிரோடு இருக்கிறது. வழவழப்பான காப்பிப் பொடி நிறம் இரும்பிலேயே நின்று, துணியில் லேசான அழுக்கு மட்டும் வந்தால் அது அடங்கிப்போன பழுப்பு. அதைச் சுரண்ட வேண்டியதில்லை.

நேர்மையான தேய்மானம் எங்கே இருக்கும் என்று பாருங்கள். குழல் முனை, கையில் தூக்கிப் பிடிக்கும் நடுப்பகுதி, போல்ட் குமிழ், மேகசின் அடித்தட்டு. இந்த இடங்களில் ப்ளூயிங் படிப்படியாக மெலிந்து சாம்பல் நிறமாகும். மற்ற இடங்களில் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால், அது அசல் பூச்சு என்று ஓரளவு நம்பலாம்.

ஏற்கெனவே யாரோ கைவைத்திருந்தால் அடையாளம் தெரியும். எழுத்துகள் ஒரு பக்கமாக இழுபட்டு மங்கியிருக்கும். திருகுத் துளைகளின் வாய் சாஸர் போலக் குழிந்திருக்கும். பழைய துருக்குழிகளுக்குள்ளேயும் புதுக் கறுப்பு பளபளக்கும். உலோகத்தைவிட மரம் தாழ்ந்து போயிருக்கும். மரத்துக்கு அடியில் மறைந்த குழல் பகுதியில் அசல் பூச்சு எப்படி இருந்தது என்று தெரியும். ஆனால் அதற்காகத் தொடக்கக்காரர்கள் மரத்தைக் கழற்ற வேண்டாம். பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் திருகின் தலை கிழிந்தால், அந்தக் காயம் தேய்ந்த ப்ளூயிங்கைவிட அசிங்கமாகக் காலமெல்லாம் தெரியும்.

மூன்றாம் படி: முடிவெடுப்பது

அசல் பூச்சு பாதிக்கு மேல் போயிருந்தாலும், எழுத்தும் விளிம்பும் சரியாக இருந்தால் பாதுகாப்பு மட்டும் போதும். பெயர்பெற்ற இங்கிலாந்துக் கம்பெனியின் துப்பாக்கி என்றால் மறுபேச்சே இல்லை, தொடாதீர்கள். ரிசீவர் (போல்ட் உள்ளே ஓடும் உலோகக் கூடு) மேல் வானவில் சாயலாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், எலும்புக்கரியில் வைத்துக் கெட்டிப்படுத்திய நிறம் அது. அதைத் திரும்பக் கொண்டுவர மறுபடி சூடேற்ற வேண்டும், சூடேற்றினால் பாகம் கோணிக்கொள்ளலாம்.

முன்பே கெடுத்துவிட்ட துப்பாக்கி வேறு கதை. குரோம் முலாம், கறுப்பு பெயின்ட், பஃபிங் செய்து கண்டபடி போட்ட ப்ளூயிங் என்றால் அசல் ஏற்கெனவே போய்விட்டது. அங்கே புதுப்பிப்பதால் நஷ்டமில்லை. துருக்குழிகள் ஆழமாக இருந்தால் அழகைப் பற்றிய பேச்சே அப்புறம். அந்தக் குழல் சுடுவதற்குத் தகுதியா என்று முதலில் துப்பாக்கிக் கடையில் காட்டுங்கள்.

நான்காம் படி: துருவை நிறுத்துவது

முதலில் செய்யக்கூடாதது. புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் துரு நீக்கி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கும் கை இங்கேயும் புளியைத் தேடும். ப்ளூயிங்கும் இரும்பு ஆக்சைடுதான் என்பதால், துருவைக் கரைக்கும் அமிலம் ப்ளூயிங்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். தடவிய சில நிமிஷத்தில் வெள்ளை இரும்பு தெரியும். உப்புத்தாளும் பாத்திரம் தேய்க்கும் கம்பியும் கூடவே கூடாது.

செய்ய வேண்டியது இது. துருப்பிடித்த இடத்தில் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் பழைய செம்புக் காசின் விளிம்பாலோ மழுங்கிய செம்புத் தகட்டாலோ, எண்ணெய் ஈரத்தோடு படுக்கையாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மை. அதனால் துரு உதிரும், எஃகில் கீறல் விழாது. உதிர்ந்த தூளை அடிக்கடி துடையுங்கள், இல்லாவிட்டால் அதுவே உப்புத்தாள் வேலையைச் செய்யும். பிடிவாதமான இடத்துக்கு மட்டும் 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து, விரல் நுனி அழுத்தத்தில் தேயுங்கள். முதலில் மறைவான ஓர் இடத்தில் சோதியுங்கள். ப்ளூயிங் மெலிவது தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். சின்னக் குழிகளுக்குள் கறுப்பு தங்கினால் இருந்துவிட்டுப் போகட்டும்.

குழலின் உட்புறத்தைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்யுங்கள். முனைப்பக்கமாகக் கம்பியை விட்டால் வாய் விளிம்பு தேய்ந்து குறி கெடும். பழைய தோட்டாக்களின் பிரைமர் (அடியில் இருக்கும் தீமூட்டும் மருந்து) உப்பை விட்டுச்செல்லும் ரகம். அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். மரத்தில் படாமல் புனல் வைத்து அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி, உலர்ந்த துணித் துண்டுகள் ஈரமில்லாமல் வரும்வரை ஓட்டி, கடைசியில் எண்ணெய்த் துணி ஒன்று விடுங்கள்.

எல்லாம் உலர்ந்தபின், அரைக்கும் பொருள் கலக்காத மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிளகளவு எடுத்து வெளிப்புறம் முழுக்க மெல்லத் தடவி, சில நிமிஷம் கழித்துத் துணியால் மெருகேற்றுங்கள். மெழுகு பூசிய இரும்பில் விரல் வியர்வை உடனே ஒட்டாது. போல்ட் ஓடும் தடத்துக்கு மட்டும் எண்ணெய்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். எல்லைக்கு இரண்டு பக்கமும் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும்; கூடலூர்க் குளிரில் போல்ட் இறுகும். நாளானால் காறிப்போய், அமிலமாகி இரும்பையே அரிக்கும். நல்லெண்ணெய் பசையாகிப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: மரம்

வால்நட் மரக்கட்டையை இழைக்காதீர்கள். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் படி விழும், பிடிப்புக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய செக்கரிங் மழுங்கும், பொறித்த முத்திரை போய்விடும். பின்தகட்டை ஒட்டிய மறைவில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், இல்லையென்றால் பெரும்பாலும் எண்ணெய்ப் பூச்சு. அரக்கின் மேல் எண்ணெய் இறங்காது.

கட்டைக்குள் நொறுங்காமல் அமுங்கிய பள்ளத்துக்கு, ஈரத்துணியை இரண்டாக மடித்து வைத்து இஸ்திரிப்பெட்டி முனையால் ஐந்து முதல் பத்து நொடி தொடுங்கள். ஆவி நார்களை உப்பவைக்கும். இரண்டு மூன்று தடவையில் எழாவிட்டால் நார் அறுந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். அரக்குப் பாலிஷ் உள்ள கட்டையில் இதைச் செய்யாதீர்கள், வெளுத்த திட்டு விழும்.

எண்ணெய்ப் பூச்சுக் கட்டைக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) சில சொட்டுப் போதும். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். மிச்சம் தங்கினால் பிசினாகும். இதை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் செய்யுங்கள். மழை மாதத்தில் வாரக்கணக்கில் காயாது. லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

புதுப்பித்தே ஆக வேண்டும் என்றால்

இது வீட்டு வேலையல்ல. என்ன செய்யப்போகிறார் என்று மிஸ்திரியிடம் கேட்கத் தெரிந்தால் போதும். பழைய ரைபிளுக்கு ஏற்றது ரஸ்ட் ப்ளூயிங். பிசுக்கு நீக்கி, துருவேற்றும் கரைசலை மெல்லத் தடவி, சில மணி நேரத்தில் வரும் மெல்லிய செந்துருவைச் சுத்த நீரில் பத்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டால் அது கறுப்பாக மாறும். உதிர்வதைத் துலக்கிவிட்டு மறுபடி. ஆறேழு சுற்று ஆனால்தான் ஆழ்ந்த நிறம் வரும். கொதிக்கவிடும் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருந்தால் கறை விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். நடுவில் வெறுங்கை பட்டால் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது.

காஸ்டிக் உப்பில் ஏறத்தாழ 140 டிகிரியில் போடும் ஹாட் ப்ளூயிங் சீக்கிரம் முடியும். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு மட்டும் அதைச் சம்மதிக்காதீர்கள். இரு குழலையும் பிணைக்கும் ஈயப் பற்றை அந்தக் கரைசல் தின்றுவிடும். கடையில் பாட்டிலில் கிடைக்கும் கோல்ட் ப்ளூ திருகுத் தலைக்கும் சிறு கீறலுக்கும் சரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதில் செலீனியம் உண்டு. குழல் முழுக்கப் பூசினால் திட்டுத்திட்டாகி, சில மாதத்தில் கையோடு தேய்ந்துவரும்.

எந்த முறையானாலும் கெடுதல் நடப்பது அதற்கு முந்தைய பாலிஷில்தான். சக்கரமா, கையா என்று கேளுங்கள். கட்டை வைத்த உப்புத்தாளில் கையால், எழுத்துகளைச் சுற்றி விட்டுவிட்டு, 400 நம்பரோடு நிறுத்துவேன் என்று சொல்பவரிடம் கொடுக்கலாம்.

மழைக்காலத்தில் வைப்பது

ஜூன் பிறந்தால் தேவாலாவில் சுவரே வியர்க்கும். தோலுறையிலும் துணியுறையிலும் வைக்காதீர்கள். உறை ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைக்கும். பூட்டிய அலமாரியில் சுவரைத் தொடாமல், முனை கீழாகச் சாய்த்து நிறுத்துங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. சின்ன ஈரப்பதமானி ஒன்று வையுங்கள், 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. சிலிகா ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் உலர்த்தித் திரும்பப் போடலாம். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்துத் துடையுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். எத்தனை வாரம் இருக்கும், எந்த அறையில் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. கொடுப்பதற்கு முந்தைய நாள் உள்ளும் புறமும் மெல்லிய கிரீஸ் தடவி, படமெடுத்து, ரசீதில் சீரியல் நம்பர் சரியா என்று பாருங்கள். திரும்பி வந்த அன்றே கிரீஸைத் துடைத்து, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, மெழுகை மறுபடி பூசி வையுங்கள்.